உடம்புக்குள் புகுந்தது யார்? வேற்றுக்கிரகவாசி, கருப்பசாமி, போலீஸ்

அமெரிக்க சயின்ஸ் ஃபிக்‌ஷன் தொடர்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த எபிசோட் கண்டிப்பாகத் தெரிந்திருக்கும். எந்தத் தொடர் என்பது முக்கியமில்லை. கிட்டத்தட்ட எல்லாத் தொடரிலும் ஒரு முறையாவது வந்துவிடும். ஊரில் அடுத்தடுத்து கொலைகள் விழுகின்றன. செய்தவர்கள் எல்லாம் அதுவரை ஒரு ஈ எறும்புக்குக்கூட தீங்கு நினைக்காதவர்கள். பிடித்து விசாரித்தால் "எனக்கு எதுவுமே ஞாபகம் இல்லை" என்கிறார்கள். இரண்டு துப்பறியும் அதிகாரிகள் மண்டையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். கடைசியில் பார்த்தால், வேற்றுக்கிரகத்திலிருந்து வந்த ஏதோ ஒன்று உடம்பு விட்டு உடம்பு மாறி எல்லாவற்றையும் செய்திருக்கிறது!

இங்கேதான் அந்த போலீஸ்காரருக்குப் பெரிய தலைவலி ஆரம்பிக்கிறது. விலங்கு மாட்ட வேண்டியது யாருக்கு? கத்தியைப் பிடித்த கைக்கா, அந்தக் கையை ஆட்டிவைத்ததற்கா?

இந்தக் கேள்வி ஹாலிவுட்டின் கண்டுபிடிப்பு என்று நினைத்தால் அது தப்பு. தமிழ்நாட்டில் இது சங்க காலத்திலிருந்து கேட்கப்படும் கேள்வி. புதுக்கோட்டை மாவட்டத்தில் 2022 டிசம்பரில் இதே கேள்வி ஒரு நிஜமான போலீஸ் வழக்காகவே வந்து நின்றது.

மேற்கில் இந்தக் கதை பிறந்த விதம்

முதலில் அமெரிக்கக் கதைகளைப் பார்த்துவிடலாம். 1938-ல் ஜான் டபிள்யூ. கேம்ப்பெல் 'ஹூ கோஸ் தேர்?' என்ற குறுநாவலை எழுதினார். அண்டார்டிகா பனியில் மாட்டிக்கொண்ட ஒரு ஆராய்ச்சிக் குழு. அவர்களில் சிலர் மனிதர்களே அல்ல, மனித உருவம் எடுத்த வேறு ஏதோ ஒன்று. யார் நிஜம், யார் போலி என்று கண்டுபிடிக்க அவர்கள் செய்வது ரத்தப் பரிசோதனை. இந்த ரத்தப் பரிசோதனையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். 1982-ல் ஜான் கார்பென்டர் எடுத்த 'தி திங்' படம் இந்தக் கதைதான்.

1951-ல் ராபர்ட் ஹைன்லைன் 'தி பப்பட் மாஸ்டர்ஸ்' எழுதினார். அதில் அட்டை மாதிரியான ஜந்துக்கள் மனிதர்களின் முதுகில் ஒட்டிக்கொண்டு அவர்களைப் பொம்மை போல ஆட்டிவைக்கும். ஜாக் ஃபின்னியின் 'தி பாடி ஸ்னாச்சர்ஸ்' 1954-ல் பத்திரிகைத் தொடராக வந்தது, 1956-ல் படமானது. அது பனிப்போர் காலம். பக்கத்து வீட்டுக்காரர் கம்யூனிஸ்டாக இருப்பாரோ என்று அமெரிக்கா பயந்துகொண்டிருந்த நேரம். மனிதர் பார்க்க அதே மாதிரிதான் இருக்கிறார், ஆனால் உள்ளே இருப்பது வேறு ஆள் என்ற பயத்துக்கு இந்தக் கதைகள் ஒரு உருவம் கொடுத்தன. 1993-ல் தொடங்கிய 'எக்ஸ்-ஃபைல்ஸ்' தொடரில் ஒட்டுண்ணிப் புழுவாகவும், கறுப்பு எண்ணெயாகவும் இதே பயம் திரும்பி வந்தது. துரத்துபவர்கள் மட்டும் எஃப்.பி.ஐ. அதிகாரிகளாகிவிட்டார்கள்.

இவற்றில் வித்தியாசமான ஒன்று, ஹால் கிளெமென்ட் எழுதி 1950-ல் புத்தகமாக வந்த 'நீடில்'. அதில் திருடனும் வேற்றுக்கிரகவாசி, போலீசும் வேற்றுக்கிரகவாசி! இருவரும் கூழ் போன்ற உடம்புக்காரர்கள். இன்னொரு உயிரின் உடம்புக்குள் புகாமல் வாழ முடியாது. இருவரின் விண்கலமும் பசிபிக் கடலில் விழுகிறது. துப்பறிவாளன் கடற்கரையில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு பையனின் உடம்புக்குள் புகுந்து, அவனோடு பேசிப் பழகி, அவன் உதவியோடு குற்றவாளியைத் தேடுகிறான். அந்தத் துப்பறிவாளனுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. குடியிருக்கும் உடம்புக்கு எந்தக் கெடுதலும் செய்யக்கூடாது.

மேற்கத்திய வாசகர்களுக்கு இது புதுமையான கற்பனை. புதுக்கோட்டைப் பக்கத்து கிராமத்துப் பாட்டி ஒருவரிடம் இந்தக் கதையைச் சொன்னால், "இதுல என்ன அதிசயம்? எங்க கருப்பரும் அப்படித்தான் பண்ணுவாரு" என்று சொல்லக்கூடும்.

வேலனும் மூலனும்

சங்க இலக்கியத்தில் 'வெறியாட்டு' என்று ஒன்று வரும். மகள் உடல் மெலிந்து, வளை கழன்று, எதிலும் மனம் ஒட்டாமல் இருக்கிறாள். என்ன நோய் என்று தாய்க்குப் புரியவில்லை. வேலன் என்னும் பூசாரியை அழைக்கிறாள். அவன் மேல் முருகன் இறங்க, அவன் ஆடி, கழங்கு போட்டுப் பார்த்து, 'இது முருகனால் வந்தது' என்று குறி சொல்கிறான். ஆட்டுக்குட்டி பலியாகிறது.

உண்மை என்ன? அந்தப் பெண் ஒருவனைக் காதலிக்கிறாள், அவ்வளவுதான்! தலைவிக்கும் தோழிக்கும் அது தெரியும். முருகனே மேலே வந்து நிற்பதாகச் சொல்லும் வேலனுக்குத் தெரியவில்லை. அந்தக் கேலி பல அகப்பாடல்களில் உண்டு. கடைசியில் தோழிதான் 'அறத்தொடு நின்று' உண்மையை வெளியே கொண்டுவருகிறாள். அருள் வந்தவன் சொல்வதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை என்ற சந்தேகம் சுமார் 2,000 வருடங்களுக்கு முன்பே தமிழில் பதிவாகிவிட்டது.

அடுத்து திருமூலர். 12-ம் நூற்றாண்டின் பெரியபுராணம் சொல்லும் கதை இது. வடக்கிலிருந்து வந்த ஒரு சிவயோகி, சாத்தனூரில் மாடு மேய்க்கும் மூலன் என்ற இடையன் இறந்து கிடப்பதையும், மாடுகள் அவனைச் சுற்றி நின்று கதறுவதையும் பார்க்கிறார். தன் உடம்பை ஒரு இடத்தில் மறைத்து வைத்துவிட்டு மூலனின் உடம்புக்குள் புகுகிறார். மாலையில் மாடுகள் வீடு திரும்புகின்றன. மூலனின் மனைவி ஓடி வருகிறாள். 'உனக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை' என்கிறார் அவர். அவள் அழுதுகொண்டே ஊர்ப் பெரியவர்களிடம் போகிறாள். அவர்கள் வந்து பார்த்து விசாரித்து, இவர் இப்போது வேறு நிலையில் இருப்பவர், இனி உன் கணவராக வரமாட்டார் என்று சொல்லிவிடுகிறார்கள்.

எல்லோரும் இதை யோகத்தின் பெருமையாகவே படிக்கிறார்கள். அந்த மனைவியின் இடத்திலிருந்து பார்த்தால் இது பாடி ஸ்னாச்சர்ஸ் கதைதான். முகம் அதே முகம், ஆள் வேறு. அவளுடைய புகாரை ஊர் விசாரித்தது. தீர்ப்பும் வந்தது. அவளுக்கு மட்டும் கடைசி வரை எதுவும் கிடைக்கவில்லை.

புதுக்கோட்டையின் இரண்டு காவல்கள்

இனி புதுக்கோட்டை. இந்தப் பகுதியின் கல்வெட்டுகளில் 'பாடிகாவல்' என்ற சொல் அடிக்கடி வரும். பாடி என்றால் ஊர். பாண்டியர், சோழர் ஆட்சி தளர்ந்த காலத்தில் ஊர்களைக் கொள்ளையிலிருந்து காக்கும் பொறுப்பை அரையர்கள் என்ற உள்ளூர்த் தலைவர்கள் எடுத்துக்கொண்டார்கள். பதிலுக்கு ஊரார் விளைச்சலில் ஒரு பங்கைக் கொடுத்தார்கள். பாடிகாவல் உரிமையை ஊராரே அரையர்களுக்கு விற்றுக்கொடுத்த கல்வெட்டுகளும் உண்டு. அதாவது போலீஸ் வேலை என்பது விற்கவும் வாங்கவும் கூடிய சொத்தாக இருந்தது! பிற்காலத்தில் தொண்டைமான்கள் அமைத்த புதுக்கோட்டை சமஸ்தானமும் இப்படிப்பட்ட காவல், படை உறவுகளின் மேல்தான் எழுந்தது. நிக்கலஸ் டர்க்ஸ் என்ற அமெரிக்க அறிஞர் 1987-ல் வெளியிட்ட 'தி ஹாலோ கிரவுன்' என்ற நூல் இதைப் பற்றியதுதான். நிலமும் கோயில் மரியாதையும் யார் யாருக்கு எந்த வரிசையில் கிடைத்தன என்பதில்தான் அதிகாரம் இருந்தது என்று அவர் விளக்குகிறார். இந்த 'மரியாதை வரிசை' என்ற விஷயமும் பின்னால் தேவைப்படும்.

இது மனிதக் காவல். இன்னொரு காவல் தெய்வக் காவல். புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம் பஸ்ஸில் போனால் ஊர் எல்லையில், கண்மாய்க் கரையில், மரங்களுக்கு நடுவே வரிசையாக மண் குதிரைகள் நிற்பதைப் பார்க்கலாம். ஐயனாருக்கு நேர்ந்துகொண்டவர்கள் வைத்தவை. வேளார்கள் செய்த இந்தக் குதிரைகளை ஊரே சேர்ந்து தூக்கிக்கொண்டு போய் வைக்கும் திருவிழாவுக்குப் 'புரவி எடுப்பு' என்று பெயர். கீரமங்கலத்துக்குப் பக்கத்தில் குளமங்கலம் பெருங்காரையடி மீண்ட ஐயனார் கோயிலில் 33 அடி உயரத்தில் ஒரு குதிரையே இருக்கிறது. மாசி மகத்தன்று காகிதப் பூமாலைகளால் அந்தக் குதிரையே மறைந்துபோகும். இத்தனை குதிரைகள் எதற்கு? ராத்திரியில் ஐயனாரும் கருப்பரும் ஊரைச் சுற்றி ரோந்து வர. அந்தக் காலத்து நைட் பேட்ரோல்!

ரோந்து மட்டுமல்ல, துப்பறிவதும் அவர்கள் வேலைதான். ஆடு திருடு போனாலும், நகை காணாமல் போனாலும், வரப்புத் தகராறு முற்றினாலும் ஜனங்கள் கோடாங்கியிடமோ சாமியாடியிடமோ போவார்கள். உடுக்கை அடிக்க, சாமி இறங்கும். 'வடக்கே போ, வேப்பமரத்து வீட்டுக்காரனைக் கேள்' என்று குறி வரும். சந்தேகப்பட்ட ஆளைக் கருப்பர் சன்னதியில் சத்தியம் செய்யச் சொல்வதும் உண்டு. பொய்ச் சத்தியம் செய்ய யாருக்கும் துணிச்சல் வராது.

அமெரிக்க எபிசோடில் உடம்புக்குள் புகுவது குற்றவாளி, வெளியே நிற்பது போலீஸ். இங்கே உடம்புக்குள் புகுவதே போலீஸ்! ஹால் கிளெமென்ட் கற்பனை செய்த ஆள் இங்கே ஊருக்கு ஊர் இருந்திருக்கிறார்.

இதில் ஒரு நல்ல பக்கமும் உண்டு. ஐ. எம். லூயிஸ் என்ற மானுடவியலாளர் 1971-ல் வெளியிட்ட 'எக்ஸ்டாட்டிக் ரிலிஜியன்' நூலில், பல சமூகங்களில் சாமி வருவது பெரும்பாலும் பெண்களுக்கும் ஒடுக்கப்பட்டவர்களுக்கும்தான் என்று காட்டினார். சாதாரண நாளில் வாய் திறந்தால் அடி விழும். சாமி வந்த நேரத்தில் மாமியாரையும் அதட்டலாம், பெரிய வீட்டுக்காரரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கேள்வி கேட்கலாம். பேசுவது அவள் இல்லை, சாமி. அதனால் யாரும் அவள் மேல் கோபப்பட முடியாது. பேச முடியாதவர்களுக்குக் கிடைத்த ஒரு மைக் அது.

காக்கிச்சட்டை வந்த பிறகு

1859-ல் மதராஸ் மாகாணத்துக்கான மாவட்டப் போலீஸ் சட்டம் வந்தது. 1860-ல் இந்தியத் தண்டனைச் சட்டம். சுற்றியிருந்த பிரிட்டிஷ் மாவட்டங்களில் சம்பளம் வாங்கும் போலீஸ் வந்தது. பரம்பரைக் காவலுக்கு மதிப்புக் குறைந்தது. 1948 மார்ச் 3-ல் புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. 1974 ஜனவரி 14-ல் தனி மாவட்டமானது.

புதிய சட்டத்துக்குக் குறி செல்லாது. சாட்சி வேண்டும், தடயம் வேண்டும். கோர்ட் கூண்டில் கருப்பரை ஏற்ற முடியாதே! ஆனால் 'செய்தது நான் இல்லை' என்ற வாதத்துக்குச் சட்டத்திலும் ஒரு சின்னக் கதவு திறந்திருக்கிறது. தண்டனைச் சட்டத்தின் 84-வது பிரிவு (2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 22-வது பிரிவு) சொல்வது இதுதான். மனநலம் கெட்ட நிலையில், தான் செய்வது என்ன என்றோ, அது தவறு என்றோ அறிய முடியாமல் ஒருவர் செய்தால் அது குற்றமாகாது. ஆனால் அந்த நிலையில்தான் இருந்தார் என்று காட்ட வேண்டியது குற்றம் சாட்டப்பட்டவரின் பொறுப்பு. சாமி வந்தது என்று சொன்னால் மட்டும் போதாது.

மருத்துவமும் இதை யோசித்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐ.சி.டி.-11, 2022-ல் நடைமுறைக்கு வந்தது. வேறொரு சக்தி தன்னை ஆட்கொண்டதாக உணரும் நிலை அதில் ஒரு கோளாறாக இடம்பெற்றிருக்கிறது. அதே சமயம், ஒரு சமூகத்தின் வழிபாட்டில் ஏற்றுக்கொள்ளப்பட்ட சாமியாட்டத்தை நோய் என்று சொல்லக்கூடாது என்றும் அது தெளிவாகச் சொல்கிறது. இந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம். பக்கத்து ராமநாதபுரம் மாவட்டத்தில் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று நடந்த தீ விபத்தில் மனநோயாளிகள் 28 பேர் கருகிச் செத்தார்கள். பேய் பிடித்திருக்கிறது என்று நம்பி அழைத்து வரப்பட்டு, தப்பி ஓட முடியாதபடி சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் அவர்கள். உள்ளே வேறு யாரோ இருப்பதாக முடிவு கட்டிவிட்டால், வெளியே இருக்கும் மனிதருக்கு வலிக்கும் என்பதே மறந்துபோகிறது.

தமிழ் டி.வி.யும் இதைத் தொட்டது. 1990-களின் கடைசியில் சன் டி.வி.யில் வந்த 'மர்மதேசம்' வரிசையில் 'விடாது கருப்பு' தொடரை யாரால் மறக்க முடியும்? இந்திரா சௌந்தர்ராஜன் கதை, நாகா இயக்கம், பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிப்பு. தப்பு செய்தவர்களைக் கருப்பசாமி தண்டிக்கிறார் என்று ஒரு ஊரே நம்புகிறது. தண்டிப்பது தெய்வமா, மனித மனமா என்ற இடத்துக்குத் தொடர் பார்ப்பவர்களைக் கொண்டுபோய் நிறுத்தியது. அந்தக் குதிரைக் குளம்புச் சத்தத்துக்குப் பயந்து போர்வைக்குள் ஒளிந்த பிள்ளைகள் எத்தனையோ பேர்.

இறையூர், 2022

புதுக்கோட்டை மாவட்டம் அன்னவாசல் ஒன்றியத்தில் இறையூர் கிராமம். அதைச் சேர்ந்த தலித் குடியிருப்பு வேங்கைவயல். 2022 டிசம்பரில் அங்கே குழந்தைகளுக்கு அடுத்தடுத்து உடம்பு சரியில்லாமல் போனது. தண்ணீரில் ஏதாவது கோளாறு இருக்கலாம் என்று டாக்டர்கள் சந்தேகப்பட, டிசம்பர் 26 அன்று மேல்நிலைத் தொட்டியில் ஏறிப் பார்த்தார்கள். குடிதண்ணீரில் மனித மலம் கலக்கப்பட்டிருந்தது.

மறுநாள் கலெக்டர் கவிதா ராமுவும், மாவட்ட எஸ்.பி. வந்திதா பாண்டேவும் நேரில் வந்தார்கள். விசாரித்தபோது வேறு விஷயங்களும் வெளியே வந்தன. ஊர் டீக்கடையில் இரட்டைக் குவளை. ஊர் ஐயனார் கோயிலுக்குள் தலித் மக்களுக்கு அனுமதி இல்லை. கலெக்டர் அப்போதே அந்த மக்களைக் கோயிலுக்குள் அழைத்துப் போனார்.

அந்த இடத்தில்தான் ஒரு பெண்ணுக்குச் 'சாமி வந்தது'. ஆடியபடியே அவர், உள்ளே வந்த மக்களை இழிவாகப் பேசினார் என்பது புகார். அதிகாரிகள் கையெடுத்துக் கும்பிட்டு விபூதி வாங்கிக்கொள்ளவில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. அந்தப் பெண்ணும் டீக்கடைக்காரரும் கைது செய்யப்பட்டார்கள்.

அந்த அமெரிக்க எபிசோடின் கேள்வி அப்படியே இங்கே வந்து நிற்கிறது. பேசியது யார்? வழக்கமாக இந்தக் கேள்விக்குக் கிராமத்தில் ஒரே பதில்தான், 'சாமி'. ஆனால் ஐயனார் யாரைக் காக்க ராத்திரி ரோந்து வருகிறார்? ஊரைத்தானே? வேங்கைவயலும் அந்த ஊர்தானே? ஊர்க்காவல் தெய்வம், குடிதண்ணீரில் மலம் கலந்த ஆளைக் காட்டிக்கொடுக்காமல், அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களைப் பார்த்துத் திட்டுமா? வெறியாட்டில் வேலனைப் பார்த்துத் தோழி சிரித்தது இப்படிப்பட்ட கேள்வியை வைத்துத்தான். லூயிஸ் சொன்ன அந்த மைக், கோயில் வாசலுக்கு வெளியே தலைமுறை தலைமுறையாக நிறுத்தப்பட்டவர்களுக்கு எதிராகத் திரும்பியிருந்தது. அன்றைக்கு இறங்கியது சாமியா, சாதியா?

தனி ஒரு பெண்ணை மட்டும் குற்றம் சொல்லி நகர்ந்துவிடவும் முடியாது. யார் உள்ளே, யார் வெளியே, யாருக்கு முதல் மரியாதை என்ற வரிசை பாடிகாவல் காலத்துக்கும் முன்பிருந்து அந்த மண்ணில் இருக்கிறது. தலைமுறை விட்டுத் தலைமுறை, உடம்பு விட்டு உடம்பு அது மாறி வந்துகொண்டே இருக்கிறது. 'தி பாடி ஸ்னாச்சர்ஸ்' கதையின் விதைகள் மாதிரி, யாரும் தூங்கும்போது அது உள்ளே வந்து உட்கார்ந்துவிடும். ஆனாலும் சட்டம் பேசிய வாயைத்தான் பிடிக்கும். அதற்கு வேறு வழியில்லை.

ரத்தம் சொல்லுமா?

தண்ணீர்த் தொட்டி வழக்கு 2023 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி.க்கு மாற்றப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதி எம். சத்தியநாராயணன் தலைமையில் ஒரு நபர் ஆணையம் அமைத்தது. பிறகு நடந்ததுதான் 1938-ன் அந்த அண்டார்டிகா கதையை ஞாபகப்படுத்துவது. யார் செய்தது என்று கண்டுபிடிக்க, முப்பது பேருக்கு மேல் டி.என்.ஏ. பரிசோதனைக்கு உட்படுத்தப்பட்டார்கள். பாதிக்கப்பட்ட வேங்கைவயல் மக்களிடமும் ரத்தம் கேட்கப்பட்டது. 'எங்கள் தண்ணீரில் கலந்துவிட்டு எங்களிடமே ரத்தமா?' என்று சிலர் மறுத்தார்கள். விஷயம் நீதிமன்றம் வரை போனது. எடுத்த மாதிரிகள் பொருந்தவில்லை.

கேம்ப்பெல்லின் கதையில் ரத்தம் உண்மையைச் சொல்லிவிடும். நிஜ வழக்கில் அப்படி நடக்கவில்லை. 2025 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. அதில் குற்றவாளிகளாகச் சொல்லப்பட்ட மூன்று பேரும் வேங்கைவயல் தலித் மக்களில் உள்ளவர்களே. ஊராட்சி நிர்வாகத்தோடு இருந்த விரோதம் காரணம் என்றது போலீஸ். வேங்கைவயல் மக்கள் இதை ஏற்கவில்லை, சி.பி.ஐ. விசாரணை கேட்டார்கள். குற்றப்பத்திரிகை என்பது தீர்ப்பு அல்ல. போலீஸ் சொல்வதை கோர்ட்டில் சாட்சியோடு நிரூபித்தாக வேண்டும்.

பழைய காலத்தில் கோடாங்கி ஒருவரைக் கை காட்டினால், காட்டப்பட்டவர் 'ஆதாரம் என்ன?' என்று கேட்க முடியாது. நவீன விசாரணையிலும் அந்தக் குறி கேட்கும் ஆசை எட்டிப் பார்த்தது உண்டு. மருந்து கொடுத்து மயக்கத்தில் பேசவைக்கும் நார்கோ அனாலிசிஸ் அப்படி ஒன்று. ஒருவரின் சம்மதம் இல்லாமல் அதைச் செய்யக்கூடாது என்று 2010-ல் செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒருவர் தன் வசத்தில் இல்லாதபோது வரும் பேச்சை வைத்து நியாயம் வழங்க முடியாது என்பதுதான் அதன் சாரம்.

அமெரிக்க எபிசோட் 45 நிமிடத்தில் முடிந்துவிடும். வேற்றுக்கிரகவாசி வெளியேறியதும் எல்லோரும் பழையபடி நல்லவர்களாகிவிடுவார்கள், துப்பறிவாளர்கள் காரில் ஏறிப் போய்விடுவார்கள். வேங்கைவயலில் அப்படி முடிக்க முடியவில்லை. புதுத் தொட்டி, புதுக் குழாய் எல்லாம் போடலாம், அந்தத் தண்ணீரை நம்பிக் குடிக்க வேண்டியது அதே மக்கள்தான். தொட்டியில் ஏறியது யார் என்ற கேள்விக்கு அவர்கள் ஏற்றுக்கொள்ளும்படியான பதில் கிடைத்த பிறகுதான் அது நடக்கும்.